பரிசோதனைத் தாளும் பரம்பரைப் பழியும்

நோய் என்பது வந்த பின்னர் அறியப்படுவது என்றே எண்ணிப் பழகியவர் நாம். குருதியிற் சீனி எவ்வளவு, குருதியமுக்கம் எவ்வளவு என்று இன்றைய நிலையைச் சொல்லும் பரிசோதனைகள் கிராமத்து வைத்தியசாலைகளிலும் உண்டு. இன்னும் முப்பது ஆண்டு கழித்து வரக்கூடியது யாது என்று சொல்ல முன்வரும் பரிசோதனையோ நம்மவர்க்குப் புதியது. அதனைச் சாதகக் குறிப்பென்று எண்ணி அஞ்சுவோர் உளர். வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் அத்தாளைச் சரியாக வாசித்தவர் அல்லர் என்பது எமது கருத்து.

அத்தகைய தாள் ஒன்று சென்ற ஆண்டு ரொறன்ரோவிலிருந்து எமது கைக்கு வந்தது. அனுப்பியவர் எமது சின்னம்மாவின் மகள், வயது ஐம்பத்திரண்டு. தனியார் நிறுவனம் ஒன்று விற்கும் சிறு குப்பியில் உமிழ்நீரைச் சேர்த்து அஞ்சலில் அனுப்பியிருக்கிறார். முன்னோர் எத்திசையினர் என்று அறியும் ஆவலே அவரைத் தூண்டியது. கேட்டதனோடு கேளாததும் ஒன்று வந்தது. அதுதான் மறதி நோய் பற்றிய குறிப்பு. "அண்ணை, நீங்கள் படிப்பிக்கிறவர். இதிலே இரண்டு பிரதி என்று போட்டிருக்கிறார்கள். எனக்கும் அம்மாவைப் போல வந்துதான் தீருமோ? இது அம்மாவின் பக்கத்தால் வந்ததோ? வீட்டிலே சொல்வதோ, விடுவதோ?" என்று கேட்டிருந்தார். புலம்பெயர்ந்தோர் உள்ள வீடுகள் பலவற்றில் இனி எழக்கூடிய கேள்விகள் இவை. ஆதலின், சம்பந்தப்பட்ட குடும்பத்தார் அனைவரின் இசைவையும் பெற்று, பெயர் குறியாது இதனை எழுதுகிறோம்.

சின்னம்மா கொடிகாமத்தில், பருத்தித்துறை வீதிக்கு அணித்தாக, மூத்த மகனுடன் வாழ்கிறார். வயது எண்பத்தொன்று. 1995 ஆம் ஆண்டுப் பெரும் இடப்பெயர்வின்போது வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு வந்து சேர்ந்த மக்களுள் மூன்று குடும்பத்தாருக்குத் தமது வீட்டில் இடங்கொடுத்து, உலை வைத்து ஊட்டியவர். 2000 ஆம் ஆண்டுப் போரில் அவரே வீடு விட்டு ஓட நேர்ந்தது. இன்று காலையில் உண்டது மாலையில் அவர் நினைவில் இல்லை. ஆனால், "வந்த சனத்துக்கும் சேர்த்து அரிசி போடு பிள்ளை" என்று மருமகளிடம் நாள்தோறும் சொல்லுகிறார். மகனின் பெயர் மறந்தது. பனையோலையிற் கடகம் இழைக்கும் விரல்களுக்கு மட்டும் தொழில் மறக்கவில்லை. அண்மைக்கால நினைவு முதலிலும், நெடுநாட் பழகிய கைத்தொழில் பிந்தியும் அழிவது இந்நோயின் இயல்பாகும்.

எமது பகுதியில் இதற்கு வழங்கும் சொல் ‘அறளை பெயர்தல்’ என்பது. முதுமை வந்தால் அறளை பெயர்வது இயற்கை என்று முன்னோர் அமைந்திருந்தனர். 1906 ஆம் ஆண்டில் அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜேர்மனிய வைத்தியர், ஐம்பத்தைந்து வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, அதிற் படிந்திருந்த மாசுகளையும் முறுகிய இழைகளையும் அவையோர்க்கு எடுத்துரைத்தார். அது முதல் இவ்வகை மறதி முதுமையன்று, நோயே என்னும் அறிவு மெல்ல வளர்ந்தது. மறதியெல்லாம் அல்சைமர் நோய் ஆகாது என்பதையும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் அடைபடுவதால் வருவதும் உண்டு. தைரொயிட் சுரப்பியின் குறையாலும், பி-12 விற்றமின் குறைவாலும், மனச்சோர்வாலும் வருவன சில. இவை சிகிச்சையால் திருந்தவுங் கூடும். ஆதலின், அறளை என்று நாமே தீர்ப்புக் கூறிவிடாது வைத்தியரிடம் ஒரு தடவை காட்டுதல் கடமை.

இனித் தாளில் உள்ளதைப் பார்ப்போம். எமது உடலிலுள்ள கலம் ஒவ்வொன்றிலும் இருபத்து மூன்று சோடி நிறமூர்த்தங்கள் உள. அவற்றின்மீது பரம்பரையலகுகள் அமைந்துள. இக்காலத்தார் மரபணு என்பதும் இதனையே. பத்தொன்பதாம் நிறமூர்த்தத்தில் ‘அப்போ-ஈ’ என்னும் பரம்பரையலகு ஒன்று உண்டு. குருதியிலும் மூளையிலும் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை ஆக்குவது அதன் வேலை. இதில் இரண்டு, மூன்று, நான்கு என எண்ணிடப்பட்ட மூன்று வகைகள் உள. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவர்க்கும் இரண்டு பிரதிகள் வாய்க்கும். உலகில் மிகப் பரந்திருப்பது மூன்றாம் வகை. நான்காம் வகையுடையார்க்கு முதுமையில் அல்சைமர் நோய் கூடுதலாக வருகிறது என்பதை 1993 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அலன் றோசஸ் என்பவருடைய குழுவினர் கண்டனர். இரண்டாம் வகையோ ஓரளவு காப்பாக அமைகிறது.

நான்காம் வகை ஒரு பிரதி இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு. இரண்டு பிரதி இருந்தால் எட்டு முதற் பன்னிரண்டு மடங்கு என்று நூல்கள் கூறும். எமது தங்கைக்கு இருப்பவை இரண்டும் நான்காம் வகையே. ‘பன்னிரண்டு மடங்கு’ என்ற சொல்லைக் கண்டதும் அவர் அன்றிரவு உறங்கவில்லை.

மடங்கு என்னும் சொல் தனித்து நின்றால் மயக்கந் தரும் என்பதை மாணவர்கள் அறிவர். எதன் மடங்கு என்று கேட்டல் வேண்டும். நூறு பேரில் ஒருவர்க்கு வருவது மூன்று மடங்கானால் மூவர்க்கு வரும். எஞ்சிய தொண்ணூற்றெழுவர்க்கு வாராது. முதலெண் சிறிதாயின் மடங்கு பெரிதாகியும் தொகை சிறிதாகவே இருக்கலாம். ஆதலின், மடங்கை விட்டு ஆட்கணக்கைக் கேட்பதே முறை. பல ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து 2017 இல் வெளிவந்த கணக்கு ஒன்று உண்டு. எண்பத்தைந்து வயதுக்குள் மறதி நோயோ, அதன் முன்னிலையான நினைவுக் குறைவோ அடைபவர், நான்காம் வகை இல்லாதாருள் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து பேர். ஒரு பிரதியுடையாருள் இருபது முதல் இருபத்தைந்து பேர். இரண்டு பிரதியுடையாருள் முப்பது முதல் ஐம்பத்தைந்து பேர். இஃது அற்பமான ஆபத்தன்று. எனினும், ‘வந்தே தீரும்’ என்னும் விதியும் அன்று.

உண்மையை மூடி ஆறுதல் சொல்வது எமக்கு உடன்பாடன்று. ஆதலின் மற்றொன்றையும் அவருக்கு எழுதினோம். 2024 இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டு பிரதியுடையாருள் அறுபத்தைந்து வயதளவில் ஏறக்குறைய அனைவரிடத்தும் இந்நோயின் இரசாயன அடையாளம் முள்ளந்தண்டுத் திரவத்திற் காணப்பட்டது. அடையாளம் வேறு, அறிவு தடுமாறுதல் வேறு. முன்னது இருந்தும் பின்னது வாராது வாழ்வோர் உளர். அன்றியும் இவ்வாய்வுகளிற் பெரும்பாலன ஐரோப்பிய வமிசத்தாரைக் கொண்டு நடந்தவை. டில்லிக்கு அண்மையிலுள்ள பல்லப்கர் கிராமங்களின் முதியோரையும் அமெரிக்க முதியோரையும் ஒப்பிட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நான்காம் வகை இந்தியக் கிராமங்களிற் குறைவாகவே உள்ளது என்று காட்டிற்று. அவர்களுக்காக வகுத்த கணக்கை எண்பிசகாமல் எமக்குப் பொருத்துதல் இயலாது.

விதி என்று சொல்லத்தக்க பரம்பரையலகுகள் வேறு சில உள. அவை மிக அரியன. அல்சைமர் நோயாளர் நூறு பேரில் ஒருவர்க்குங் குறைவாகவே அவை காரணமாகும். கொலம்பியா நாட்டில் மெடெயின் நகரைச் சூழ்ந்த மலைப்பகுதியில் ஒரே வழித்தோன்றல்களான பெருங் குடும்பங்கள் வாழ்கின்றன. பதினான்காம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பிறழ்வு அவர்களுட் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுட் பாதிப்பேர்க்கு என்ற கணக்கிற் செல்கிறது. பெற்றவர்கள் நாற்பதுகளின் நடுவிலேயே நினைவிழக்கத் தொடங்குவர். 2024 இற் காலமான வைத்தியர் பிரான்சிஸ்கோ லொப்பேரா தமது வாழ்நாளிற் பெரும்பகுதியை இம்மக்களிடையே கழித்தார். அக்குடும்பங்களில் ஒரு மூதாட்டி, அப்பிறழ்வைப் பெற்றிருந்தும், எழுபது வயதைக் கடக்கும் வரை தெளிவோடிருந்தார். அவருடைய ‘அப்போ-ஈ’ அலகில் இரு பிரதிகளிலும் இருந்த அரிய மாற்றமொன்று அவரைக் காத்திருக்கலாம் என்று 2019 இல் ஆய்வாளர் அறிவித்தனர். விதியெனத் தோன்றிய இடத்திலும் விலக்கு உண்டு என்பது அந்த மூதாட்டியால் உலகுக்குத் தெரிந்தது. சின்னம்மாவுக்கு மறதி தொடங்கியது எழுபத்தைந்து வயதுக்கு மேல். தங்கையின் தாளிலுள்ளதும் இக்கொடிய வகையன்று.

அவரது இரண்டாங் கேள்வியே எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. "இது அம்மாவின் பக்கத்தால் வந்ததோ?" என்பது அது. ஊரார் வாயில் நெடுநாளாக அடிபடும் பேச்சும் அதுதான். சின்னம்மாவின் தாயாருக்கும் கடைசிக் காலத்தில் அறளை பெயர்ந்தது. ஆகவே அந்தப் பெண்வழிக்கே இது ‘குடும்ப வியாதி’ என்று தீர்த்துவிட்டனர். சின்னம்மாவின் பேர்த்திக்கு, அதாவது மகனின் மகளுக்குத் திருமணப் பேச்சு நடக்கும் இவ்வேளையில், அப்பேச்சு தரகர் வாயிலும் ஏறியிருந்தது.

தாளைச் சற்றே ஊன்றிப் பாருங்கள். தங்கைக்கு நான்காம் வகை இரண்டு பிரதிகள். ஒன்று தாய் தந்தது; மற்றது தந்தை தந்தது. வேறு வழியில்லை. ஆகவே, சின்னையாவிடமும் நான்காம் வகை ஒன்றேனும் இருந்திருத்தல் வேண்டும். சின்னையா கொடிகாமம் சந்தையிற் கடை வைத்திருந்தவர். எண்பத்து நான்காம் வயதில் மாரடைப்பால் இறக்கும் வரை பத்திரிகை வாசித்தார். எவரெவர் எவ்வளவு கடன் தரவேண்டும் என்பதைக் கொப்பியைப் பாராமலே சொன்னார். அவருக்கு ஒருநாளும் அறளை பெயரவில்லை. இத்தாள் ஒன்றே இரண்டு உண்மைகளை நிறுவுகிறது. தாய்வழியின்மீது மட்டும் ஊரார் சுமத்திய பழி பொருந்தாது என்பது ஒன்று. நான்காம் வகையைச் சுமந்தவரும் தெளிவோடு வாழ்ந்து முடியலாம் என்பது மற்றொன்று. சான்று எம் வீட்டிலேயே இருந்தது. தாள் வந்த பின்னரே அது கண்ணிற் பட்டது.

இனி மூன்றாங் கேள்வி: சொல்வதா, விடுவதா? பிற பரிசோதனைகளுக்கு இல்லாத ஓர் இயல்பு இதற்கு உண்டு. ஒருவருடைய தாள் மற்றவருடைய பக்கத்தையும் திறந்துவிடும். தங்கையிடம் உள்ள இரண்டும் நான்காம் வகையாதலின், அவருடைய மகளுக்கு ஒரு பிரதி சென்றே இருக்கும். அந்தப் பெண்ணைப் பரிசோதியாமலே இது தெரிந்துவிட்டது. கொடிகாமத்திலுள்ள தமையனார் நிலை வேறு. தாய் தந்தையர் இருவரிடமும் நான்காம் வகை ஒவ்வொன்றே இருந்ததாகக் கொண்டால், அவர்க்கு அது அறவே இல்லாதிருக்க நான்கில் ஒரு வாய்ப்பு; ஒரு பிரதி இருக்க நான்கில் இரண்டு; இரண்டும் இருக்க நான்கில் ஒன்று. தங்கைக்கு வந்தது எதுவாயினும் தமையனுக்கு அதுவே வரும் என்பதில்லை.

அறியும் உரிமையைப் போலவே அறியாதிருக்கும் உரிமையும் ஒருவர்க்கு உண்டு. பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ.யின் அமைப்பை 1953 இற் கண்டறிந்த இருவருள் ஒருவர் ஜேம்ஸ் வாட்சன். 2007 இல் அவருடைய பரம்பரைத் தொகுதி முழுவதையும் வாசித்து அவர் கையிற் கொடுத்தனர். தமது பாட்டியார் அல்சைமர் நோயால் வருந்தியதை அறிந்திருந்த அவர், இந்த ‘அப்போ-ஈ’ ஒன்றை மட்டும் தமக்குச் சொல்லவேண்டாம், வெளியிடவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அத்துறைக்கு வித்திட்டவரே அறியவேண்டாம் என்றால், அறிய மறுப்பது அறியாமையன்று என்பது தெளிவு.

அறிந்தவர் எல்லாம் மனமுடைந்து போவர் என்பதும் இல்லை. அல்சைமர் நோயாளரின் பிள்ளைகள் 162 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ரொபேட் கிறீன் என்பவருடைய குழுவினர் நடத்திய ஆய்வு 2009 இல் வெளிவந்தது. முடிவு சொல்லப்பட்டவர்க்கும் சொல்லப்படாதவர்க்கும் ஓராண்டு அளவில் மனக்கவலையிலோ சோர்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கமும், பின்னர் ஆலோசனையும் அளிக்கப்பட்டன. நள்ளிரவில் தனியே இருந்து கைத்தொலைபேசியிற் படிப்பது அதனோடு ஒக்காது.

ஆகவே நாம் சொன்ன யோசனை இது. முதலில் வைத்தியர் வாயிலாக முறையான ஆய்வுகூடத்தில் முடிவை உறுதி செய்க; பரம்பரையியல் ஆலோசகர் ஒருவரோடு பேசுக. குடும்பத்தாரின் வட்ஸ்அப் குழுவில் தாளைப் போடாதிருக்க. தமையனிடமும் மகளிடமும் தனித்தனியே, "என்னிடம் ஒரு முடிவு இருக்கிறது, அது உங்களையும் சார்ந்தது, அறிய விருப்பமா?" என்று மட்டும் கேட்டு, விடைக்குக் காத்திருக்க. கேள்வியே பாதி விடையைச் சொல்லிவிடும் என்பது உண்மைதான். எனினும், கேளாமற் சொல்வதினும் அது நன்று.

தமையனார் அன்றே கேட்டறிந்தார். தாம் பரிசோதனை செய்விப்பதில்லை என்றும் முடிவு செய்தார். மகளோ மூன்று கிழமை பேசாதிருந்து, பின் தாமாகவே வந்து, "சொல்லுங்கள் அம்மா" என்றாராம். அந்த மூன்று கிழமையும் தங்கை பொறுத்திருந்ததை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

சட்டத்தின் நிலையையும் அறிந்திருத்தல் நன்று. கனடாவில் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்துக்கோ சேவைக்கோ இத்தகைய பரிசோதனையையோ முடிவையோ எவரும் கட்டாயமாகக் கேட்கலாகாது. 2020 இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் இதனை நிலைநிறுத்திற்று. அமெரிக்காவின் 2008 ஆம் ஆண்டுச் சட்டமோ தொழிலுக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் பாதுகாப்பளிப்பது. ஆயுட் காப்புறுதி அதில் அடங்காது. இத்தகைய பரிசோதனைகளை விற்ற பெருநிறுவனமான ‘23 அன்ட் மீ’ 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றஞ் சென்றபோது, தமது விபரங்கள் எவர் கைக்குப் போகுமோ என்று இலட்சக்கணக்கானோர் கலங்கினர். உமிழ்நீரை அனுப்புமுன் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

திருமணப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நான்காம் வகை அரிய பொருளன்று. எம்மவரிடையே ஐரோப்பியரிலும் குறைவாக இருப்பினும், எந்த ஊரிலும் எந்தச் சாதி சனத்திலும் அது உண்டு. மணமகன் வீட்டார் இந்தப் படலையை விட்டு அடுத்த படலைக்குப் போனாலும், அங்கே அது இல்லை என்று எவர் உறுதி கூறுவார்? இந்நோய் வருவோருட் பலரிடம் நான்காம் வகை இல்லவே இல்லை. பாட்டிக்கு அறளை என்று பேர்த்தியை ஒதுக்குவது விஞ்ஞானமும் அன்று, நியாயமும் அன்று. இதனைத் தரகரிடமும் எமது வாயாலேயே சொன்னோம்.

இப்பரிசோதனையின் பயன் யாதெனிற், செய்யத்தக்கதைச் செய்யத் தூண்டுவதே. பரம்பரையலகை மாற்ற இயலாது. வாழ்க்கை முறையில் மாற்றத்தக்கன உள. ‘லான்செட்’ இதழின் ஆய்வுக்குழு 2024 இற் பதினான்கு காரணங்களை எடுத்துக்காட்டி, அவற்றை முற்றாக நீக்கக்கூடுமாயின் உலகின் மறதி நோயில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு தவிர்க்கவோ தள்ளிப்போடவோ படலாம் என்று கணித்தது. இளமையிற் கல்விக் குறைவு, செவிப்புலன் குறைவு, பார்வைக் குறைவு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, தீய கொலஸ்திரோல், உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல், மிகைக் குடி, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, மாசடைந்த காற்று என்பன அவை.

இவற்றுள் எமது ஊருக்குப் பொருந்தாதது ஒன்றில்லை. காது கேளாத கிழவரை, "அவருக்கு விளங்காது" என்று பேச்சிலிருந்து விலக்குகிறோம். கேட்கும் கருவி ஒன்று அவரை மீண்டும் பேச்சுக்குள் கொண்டுவரும். கண்புரையை எடுப்பிக்கத் தயங்குகிறோம். ஏ-9 வீதியில் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் விரைகிறார்கள் எம் இளைஞர். இன்றைய தலைக்காயம் முதுமை வரை தொடரலாம். பிள்ளைகள் எல்லாரும் கடல்கடந்துவிட, பெரிய வீட்டிற் காவலாள் போல இருவரோ ஒருவரோ எஞ்சிய வீடுகள் தென்மராட்சியிற் பல. அத்தனிமையும் பதினான்கில் ஒன்றென்பதைக் கடல்கடந்த பிள்ளைகள் அறிதல் வேண்டும். பள்ளியிற் கற்கும் கல்வியே மூளைக்குச் சேமநிதி என்பதை மாணவர் உணர்க.

மருந்து உண்டோ என்பர் சிலர். மூளையிற் படியும் மாசைக் குறைக்கும் லெக்கனமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2023 இல் முழு அனுமதி வழங்கிற்று. நோயின் தொடக்கத்தில் உள்ளார்க்கே அது உரியது. நோயின் வேகத்தைச் சற்றுத் தணிக்குமேயன்றி நீக்காது. நான்காம் வகை இரண்டுடையார்க்கு மூளை வீக்கமும் குருதிக் கசிவும் ஏற்படும் அபாயம் அதனாற் கூடுதல். ஆதலின் அம்மருந்தை நாடுவோர்க்கு இப்பரிசோதனை முன்னதாகவே வேண்டப்படுகிறது. சின்னம்மாவின் நிலை அக்கட்டத்தைக் கடந்துவிட்டது.

அவருக்கு வேண்டுவன மருந்தினும் எளியன: ஒழுங்கான வேளையில் உணவு, பழகிய இடம், அதட்டாத குரல். அவற்றை அளிப்பவர் மருமகள். இரவில் இருமுறை எழுந்து, படலை பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பவரும் அவரே. பரம்பரையால் அவர் அக்குடும்பத்துக்கு உரியவர் அல்லர். நோயின் பாரத்தை முதலிற் சுமப்பவர் அவர்தாம். தாளைப் படித்த பின் தங்கை முதலிற் செய்தது, தமது குருதியமுக்கத்துக்கு மருந்து தொடங்கியது. அடுத்துச் செய்தது, கிழமையில் மூன்று நாள் பகலில் சின்னம்மாவைப் பார்த்துக்கொள்ள அயலிலுள்ள பெண்ணொருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அந்த மூன்று பகலும் மச்சாள் சற்றே உறங்குகிறார். கடல்கடந்து வாழும் உறவினர் எவரேனும் இத்தகைய தாளொன்றைப் பெற நேர்ந்தால், தமக்கு நாளை வரக்கூடியதை எண்ணுவதோடு நில்லாது, ஊரில் இன்று நோயாளரைத் தாங்கி நிற்பவர் எவர் என்பதையும் கேட்டறிவாராக.